வண்டியில் ஒரு மின்நிலையம்

1920-களில் அமெரிக்கக் கிராமங்களில் மின்கம்பி வராத பண்ணைகளே மிகுதி. அங்கே ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள். வண்டி என்றால் ஓடுவதற்கு மட்டுமல்ல என்று அன்றே கண்டுகொண்டவர்கள் விவசாயிகள்தாம்.

பெல்ட்டின் இடத்தை மின்சாரம் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. காரில் இருந்த சிகரெட் லைட்டர் துளையின் 12 வோல்ட்டை வைத்துத் துளையிடும் இயந்திரத்தை ஓட்ட முடியுமா?

2004 செவ்ரொலே சில்வராடோ ஹைபிரிட் பிக்கப்பில் வீட்டில் உள்ளதுபோன்ற 120 வோல்ட் பிளக் பாயிண்டுகள் நான்கு வந்தன. இரண்டு பின்தொட்டியில், இரண்டு பின்னிருக்கைக்கு அடியில். கட்டட வேலைக்காரர்களுக்குத் தனி ஜெனரேட்டரைச் சுமக்கும் பாடு குறைந்தது. அந்த வண்டிக்கு உரிய பாராட்டு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது வருத்தமே.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் உறைந்தது. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. 7.2 கிலோவாட் தரும் புதிய ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் வைத்திருந்தவர்கள், வண்டியை வாசலில் நிறுத்தி நீண்ட வயர் இழுத்து, ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் ஓட்டினார்கள். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூடிய கேரேஜுக்குள் இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து.

மறு ஆண்டே வந்த மின்சார எஃப்-150 லைட்னிங்கில் என்ஜினும் இல்லை, புகையும் இல்லை, 9.6 கிலோவாட் வரை கிடைத்தது. ஆனால் வீட்டு வயரிங்கில் நேரடியாக இணைப்பதற்கு மாற்றுச் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, அதைப் பழுதுபார்க்கும் லைன்மேனைத் தாக்கும்.