அசலில் கை வைக்காதே!

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப்புக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அந்த விநோதப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

வெள்ளைக்காரன் காலத்தில் மலை மேலே தேக்கை வெட்டி, சரிவில் அப்படியே உருட்டி விடுவார்கள். தடதடவென்று சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்து சேரும். அங்கிருந்து கப்பல் கட்டவும், ரயில்வே ஸ்லீப்பர் கட்டைக்கும் போகும். உச்சியிலிருந்து ஒரு சறுக்கல்... டாப்ஸ்லிப்!

இப்படியே ஆனைமலை மொட்டையாகிக்கொண்டிருந்தபோது, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. 'வேரோடு பிடுங்காதே, அடிக்கட்டையை விடு, துளிர்க்கட்டும்' என்றார். கைத்தடியால் மண்ணில் குத்தி, பாக்கெட்டில் இருக்கும் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம் மனுஷன். 1933-ல் இறந்தார். தான் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே தூங்குகிறார்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு வுட் ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையாகத்தான் தெரிகிறார். 'வட்டியை எடுத்துக்கொள், அசலில் கை வைக்காதே!'

ஆனால், அவர் கணக்கிலும் காடு என்றால் மரம், மரம் என்றால் காசு. தேக்கே இல்லாத மலைக்கு என்ன விலை?

வால்பாறைக்கு மேலே இருக்கிறது கிராஸ் ஹில்ஸ். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, பாறைகளில் வரையாடு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடு ஏறிய வால்பாறையில் காடு போய் தேயிலை வந்தது. பஸ் ரோடு ஏறாத புல்மலை தப்பித்தது.

'இந்த மலைக்குள் ரோடே போடக் கூடாது' என்று சொல்ல அமெரிக்காவில் 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் கவசம். அதை வைத்து 1976-ல் ஆனைமலை சரணாலயமானது. 1989-ல் கிராஸ் ஹில்ஸ், கரியன் சோலை, மஞ்சம்பட்டி மூன்றும் சேர்ந்து 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 2007-ல் புலிகள் காப்பகம்.

'ஏனுங்க, ஆட்டுக்கும் புலிக்கும் இத்தனை காவலா?' என்று கேட்காதீர்கள். மழையைப் புல்லும் சோலையும் பஞ்சு மாதிரி உறிஞ்சிவைத்து, மெள்ள மெள்ள ஓடைகளில் விடுகின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம் குடிப்பது ஆனைமலைத் தண்ணீரைத்தான். பொள்ளாச்சி இளநீரில் நீங்கள் உறிஞ்சுவதும் அந்த வட்டிதான்!

ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. வுட்டுக்கும் முன்னால், டாப்ஸ்லிப் என்ற பெயருக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள் காடர்கள். 2019 மழையில் மண் சரிந்து, கல்லாறு குடியிருப்புக் காடர்கள் வீடிழந்தார்கள். பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். சொந்தக் காட்டில் ஒரு குடிசை போட, போராடித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. அதுவும், காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தரும் சட்டம் 2006-லேயே வந்த பிறகு!

ரோடு வேண்டாம். அசல் அப்படியே இருக்கட்டும். ஆனால் பாஸ்புக்கில் முதல் பெயர் யாருடையது என்பதை மறந்துவிடக் கூடாது, இல்லையா?