ரப்பர் பாலில் மனித இரத்தப் புரதம்: நம் நாட்டு ஆய்வாளர்கள் செய்து காட்டியது

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பிறகு பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவின. மூன்று, நான்கு தலைமுறைகளாக நம்மவர்கள் அங்கே மரம் சீவினார்கள். அவர்கள் வாளியில் சுமந்த அந்தப் பாலில் மனிதருக்கான மருந்துப் புரதத்தையும் சுரக்க வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்களே. இந்தச் செய்தி தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாது.

முதலில் பாலைப் பற்றிப் பார்ப்போம். ரப்பர் பால் மரத்தின் சாறு என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. வேர் உறிஞ்சும் நீர் மரக்கட்டையின் வழியே ஏறுகிறது. பாலோ பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவான குழாய்கள் அவை. உளி பட்டையைச் சீவும்போது அந்த உயிரணுக்களின் உள்ளடக்கமே வழிந்து மங்கில் விழுகிறது. உட்கரு பெரும்பாலும் குழாய்ச் சுவரோடு ஒட்டி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இழந்ததை உயிரணு மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவதற்குக் காரணமும் இதுதான். பால் குழாய்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே போனால் மரம் காயப்படும். அந்த நூலிழைக் கணக்கு நல்ல வெட்டுக்காரரின் கைக்குத் தெரியும். காயத்தைப் பார்த்துவிட்டுத் தண்டல் சத்தம் போட்டதும் இதற்காகத்தான்.

பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். அதில் புரதமும் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதும் ரப்பர் கட்டியாகத் திரண்டுவிடும். எஞ்சிய நீர் வாய்க்காலில் ஓடும். ஸ்டோர் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. ஆய்வாளர்களின் கண் விழுந்தது அந்த நீரில்தான்.

அதற்கு முன் உலகில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் பாக்டீரியாவையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று உயிரணுவுக்குச் சொல்லும் குறிப்புதான் மரபணு. குறிப்பு மனிதனுடையதாக இருந்தாலும் பாக்டீரியா அதைப் படித்து வேலை செய்யும். ஈஸ்ட்டும் அப்படித்தான். ஜொகூரில் உள்ள பயோகான் ஆலையில் இன்சுலின் செய்வது இப்படி மாற்றப்பட்ட ஈஸ்ட் உயிரணுக்களே. நம் நாட்டு இந்தியர்களிடையே இனிப்பு நீர் வியாதி அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆகவே மரபணு மாற்றப்பட்ட உயிரணுக்கள் செய்த மருந்து நம்மில் பலரின் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே இருக்கிறது.

பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் செய்வதை ரப்பர் மரம் செய்யாதா? மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் எழுந்த கேள்வி இது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் தோட்டத்து ஆட்களுக்கு உடனே புரியும். அந்த மர வகையைத் தந்த அதே கழகம்தான்.

ஒட்டுக்கட்டுவதும் மரபணு மாற்றமும் ஒன்றல்ல. ஒட்டுக்கட்டும்போது நல்ல மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் வைக்கிறோம். மொட்டின் மரபணு மாறுவதில்லை; அது அப்படியே வளர்கிறது. மரபணு மாற்றத்தில் உயிரணுவின் குறிப்பிலேயே புதிதாக ஒரு வரி சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்க்க மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா உதவியது. செடிகளில் கழலை உண்டாக்கும் கிருமி அது. தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செடியின் உயிரணுவுக்குள் தானாகவே செலுத்திவிடும். கழலை உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அங்கே வைத்தால், அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கள்ளனையே தபால்காரனாக்கிய கதை. ரப்பர் பூவின் மகரந்தப் பையிலிருந்து வளர்த்த திசுவில் இப்படி மரபணுவைப் புகுத்தி, அதிலிருந்து முழுக் கன்றுகளை வளர்த்தார்கள். வாசிக்க எளிது. ஆனால் கண்ணாடிக் குப்பிக்குள் திசு கன்றாவதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இந்த ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர்களில் பி. ஆரோக்கியராஜ், யியாங் ஹூங் யீட் ஆகியோரின் பெயர்களை முதலில் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலரும் உடன் உழைத்தனர். ரப்பர் மரத்தில் மரபணுவைப் புகுத்தியது பற்றிய கட்டுரை 1994இல் வெளிவந்தது. 1998இல் இன்னும் முக்கியமான முடிவு கிடைத்தது. புகுத்திய பாக்டீரியா மரபணுவின் புரதம் பாலிலேயே இருந்தது. சோதனை மருந்து பட்டால் நீல நிறம் காட்டும் புரதம் அது. பிறகு மனித சீரம் அல்புமின் மரபணுவைப் புகுத்தினார்கள். 2002இல் அந்த முடிவு வெளியானது: மரத்தின் பாலில் மனித அல்புமின் இருந்தது. நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டையும் பாலில் சுரக்கச் செய்தார்கள்.

அல்புமின் நம் இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம். கல்லீரல் அதை உண்டாக்குகிறது. கடுமையான தீக்காயம், கல்லீரல் நோய் போன்றவற்றுக்கு மருத்துவமனைகளில் இதை ஏற்றுகிறார்கள். காலங்காலமாக இது கிடைப்பது இரத்த தானத்திலிருந்துதான். மரத்திலிருந்து கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொதிகலன் வேண்டாம், எஃகுத் தொட்டி வேண்டாம். வெயிலும் மழையும் போதும். மரத்தை வெட்டாமல் ஆண்டுக்கணக்கில் அறுவடை செய்யலாம். ரப்பரை ரப்பராக விற்கலாம், வாய்க்காலில் போகும் நீரிலிருந்து மருந்தை எடுக்கலாம். நல்ல மரம் ஒன்று கிடைத்துவிட்டால், ஒட்டுக்கட்டி எத்தனை கன்றுகள் வேண்டுமானாலும் பெருக்கலாம்.

ஆனால் நடைமுறை வேறு. ரப்பர் கன்று உளிக்குத் தயாராக ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். பாக்டீரியாவோ சில நாட்களில் தொட்டியை நிறைத்துவிடும். பாலில் உள்ள சில புரதங்கள் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ரப்பர் கையுறை அணிந்த தாதியர்க்கும் மருத்துவர்க்கும் அரிப்பும் மூச்சுத்திணறலும் வந்தது அவற்றால்தான். நோயாளியின் இரத்தத்தில் ஏற்றும் மருந்தில் அவற்றின் சுவடுகூட இருக்கக்கூடாது. அதைப் பிரித்தெடுப்பதே பெரிய செலவு. மகரந்தம் பக்கத்து மரங்களுக்குப் போவதையும் தடுக்க வேண்டும். இத்தகைய மரங்களை வெளியில் நடுவதற்கு இப்போது 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். 2009 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தன. உளி பிடித்த கைகளும் குறைந்துவிட்டன.

ரப்பர் பாலிலிருந்து எடுத்த மருந்து எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. ரப்பர் திரண்டபின் எஞ்சும் அந்த நீர் இன்றும் ஆலைகளின் கழிவுக் குளத்துக்குத்தான் போகிறது.