பாரிஸ் நகரை வாட்டிய வெயில்

வெப்பம் 39 டிகிரி சென்டிகிரேடு என்று கேட்டால் வேலூர்க்காரர் ஒருவர் வியப்படைய மாட்டார். கத்திரி வெயிலில் அதற்கு மேலும் அவர் கண்டிருப்பார். ஆனால் ஏறக்குறைய அதே வெப்பம், 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டில் சுமார் 15,000 பேரின் உயிரைக் குடித்தது. மாண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் 75 வயதைக் கடந்தவர்கள். மருத்துவ வசதியில் முன்னணியில் நின்ற ஒரு நாட்டில் இது எப்படி நேர்ந்தது?

முதலில் நம் உடலைக் கவனியுங்கள். வெயில் ஏறும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளிருக்கும் வெப்பத்தை இரத்தம் வெளியே கொண்டு வருகிறது. வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. இதற்காக இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். முதுமையில் இருதயத்துக்கு அந்த வலு குறைகிறது. வியர்வையும் குறைவாகவே சுரக்கிறது. தாக உணர்ச்சி மங்கிவிடுவதால், உடலில் நீர் வற்றினாலும் முதியவர் தண்ணீர் கேட்பதில்லை. இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும், சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் நீரிழப்பை மேலும் கூட்டலாம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை பாதிக்கப்படும். பேச்சுக் குழறும், நினைவு தப்பும். இதுவே வெப்பத்தாக்கு.

இனிப் பாரிசுக்கு வருவோம். அந்நகரத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றின் கூரை துத்தநாகத் தகடு. அதன் அடியிலுள்ள மேல்மாடிச் சிற்றறைகள் வெயிலில் அடுப்பாயின. பகல் வெப்பத்தைவிடக் கொடியதாயிற்று இரவு வெப்பம். ஆகஸ்டு 11, 12 தேதிகளில் பாரிசில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இரவில் ஓய்வு பெறாத உடல் மறுநாள் வெயிலைத் தாங்குவது எங்ஙனம்?

மேலும் ஆகஸ்டு அந்நாட்டவரின் விடுமுறை மாதம். குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் சென்றிருந்தன. மருத்துவர்கள் பலரும் விடுப்பில் இருந்தனர். தனித்து வாழ்ந்த முதியோரின் கதவைத் தட்ட ஆளில்லை. அவசர சிகிச்சை மருத்துவர் பத்திரிக் பெலூ ஆகஸ்டு 10-ஆம் தேதி தொலைக்காட்சியில் எச்சரித்த பிறகே நாடு விழித்தது. இறந்த உடல்களை வைக்க இடம் போதாமல், ரன்ஜிஸ் மொத்த விற்பனைச் சந்தைப் பகுதியிலுள்ள குளிர்பதனக் கிடங்கைப் பயன்படுத்த நேர்ந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி, கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்கள் தியே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டன. குடியரசுத் தலைவர் ஷிராக் அங்கு வந்து தலை குனிந்து நின்றார். உறவினர் எவரும் வராத சாவுகள் அவை!

பின்னர் நடந்த ஆராய்ச்சி தெளிவான சில உண்மைகளைக் காட்டிற்று. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கும், கூரைக்கு நேர் கீழே வசித்தவர்களுக்கும் ஆபத்து மிகுதி. மெல்லிய ஆடை அணிந்தவர்களும், உடலை நீரால் நனைத்துக் கொண்டவர்களும் பெரிதும் தப்பினர்.

பிரான்சு இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2004-ஆம் ஆண்டில் வெப்பக் காலத் திட்டம் ஒன்றை வகுத்தது. வானிலைத் துறை முன்னெச்சரிக்கை தரும்; முதியோர் இல்லங்களில் குளிரூட்டிய அறை ஒன்றேனும் இருக்கவேண்டும்; தனித்து வாழும் முதியோர் விரும்பினால் தம் பெயரை ஊராட்சி மன்றத்தில் பதிவு செய்து கொள்ளலாம். எச்சரிக்கை வந்ததும் அவர்கள் நலம் விசாரிக்கப்படும். 2006-ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் கடும் வெப்பம் வந்தது. பழைய கணக்குப்படி சுமார் 6,400 பேர் கூடுதலாக இறந்திருக்க வேண்டும். இறந்தவர்களோ சுமார் 2,000 பேர்.

இந்த வேறுபாட்டுக்குப் புதிய மருந்து எதுவும் காரணமன்று என்பதைக் கவனியுங்கள். முன்கூட்டியே எச்சரித்ததும், மக்கள் ஆபத்தை உணர்ந்திருந்ததும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியதுமே பெரிதும் உதவின. வெயிலுக்குப் பழகிய நம் ஊரிலும் முதியவரின் உடல் இதே விதிக்கு உட்பட்டதுதான். ஆகவே கோடையில் உங்கள் பாட்டி, “தாகமில்லை” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு குவளை நீரையோ மோரையோ கையில் கொடுத்து, குடிக்கும் வரை அருகில் இருங்கள். அவரைக் காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி, ஈரத்துணியால் கை கால்களைத் துடைத்து விடுங்கள். பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடலை நனைத்துக் குளிர்வித்தவாறே மருத்துவமனைக்கு விரையுங்கள். தெருவில் தனியே வாழும் முதியவர் இருந்தால், இன்றைக்கே ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.