ஓமந்தையில் தொலைந்த அரை மணித்தியாலம்

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்துக்காக ஒரு சின்ன வேலை செய்தோம். எல்லாரும் சேர்ந்து பாவிக்கிற கூகிள் கலண்டரில் அன்றைக்கு என்ன கூட்டம், என்ன கடைசித் திகதி என்று பார்த்து, காலை 8 மணிக்கு அதைக் குழுவுக்கு மெசேஜாக அனுப்பவேண்டும். கிளவுட்டில் மிகச் சிறிய சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கலைப்பீடத்துக்காரருக்குத் தெரிந்த அளவில் ஏதோ எழுதி முடித்தோம். முதல் நாளே மெசேஜ் வந்தது. பகல் 1:30க்கு! காலை 9 மணிக் கூட்டத்துக்கான நினைவூட்டல் அது.

பிழை எங்களுடையதுதான். சேர்வர் இலங்கை நேரத்தில் ஓடவில்லை, யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடியது. அங்கே 8 மணி என்றால் இங்கே 1:30. எட்டை அழித்து 2:30 என்று போட்டதும் சரிவந்துவிட்டது. விசயம் அதோடு முடிந்திருக்கலாம். இந்த ஐந்தரை மணித்தியாலத்தைக் கணனி எங்கேயிருந்து தெரிந்துகொள்கிறது என்று தேடப்போனதில்தான் எங்கட சொந்தச் சரித்திரத்துக்குள் போய் விழுந்தோம்.

நேரம் வந்ததும் கணனி தானாக வேலை செய்யவேண்டும் என்ற ஆசை பழையது. 1979 இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'க்ரொன்' இருந்தது. நேரத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நிமிடத்துக்கு ஒருதரம் கண்விழித்து, ஒரு பட்டியலைப் பார்த்து, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிடும். நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். 1987 இல் போல் விக்சி எழுதிய க்ரொன்தான் பிறகு பரவலானது. எங்கட சேர்வரில் நாங்கள் எழுதியதும் அதே ஐந்து கட்டம்தான்.

ஆனால் க்ரொனுக்கு மணிக்கூடு தெரியும், கலண்டர் தெரியாது. போயா தினத்தை அந்த ஐந்து கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள், முடியாது. நிலா மாதாமாதம் வேற திகதியில் நிறைகிறது. தீபாவளியும் அப்படித்தான். மனிதரின் நாட்களைக் கணனிக்குச் சொல்ல வேறொரு மொழி தேவைப்பட்டது. ஆப்பிள், ஐபிஎம், ஏடி அன்ட் டி, சீமென்ஸ் ஆகியவை சேர்ந்த கூட்டமைப்பு 1996 செப்டெம்பரில் 'வி கலண்டர்' என்ற வடிவத்தை வெளியிட்டது. அதிலிருந்து 1998 இல் 'ஐ கலண்டர்' வந்தது. இன்றைக்கு ஒருவர் அனுப்புகிற அழைப்பு உங்கட ஃபோனில் சரியான இடத்தில் போய் உட்காருகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த வடிவம்தான்.

அந்த 1996 செப்டெம்பரில் இலங்கையில் நேரம் என்ன? யூடிசியை விட ஆறரை மணித்தியாலம் முன்னே. எங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை, அதனால் இதை அறிந்தபோது முதலில் நம்பவே இல்லை. வரட்சியால் நீர்மின் உற்பத்தி விழுந்து நாடு முழுக்க மின்வெட்டு. பின்னேர வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று 1996 மே 25 அன்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. விடியாமலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டிய நிலை. ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் அப்படியே பத்து வருசம் தங்கிவிட்டது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை, ஐந்தரையிலேயே இருந்தன. ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம். எங்கள் பெரியம்மா சொல்லுவா: "ஆரும் நேரம் சொன்னா, பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு கேக்காமல் விடமாட்டம்." 2002 இல் ஏ9 திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போனால், முகமாலை தாண்டியதும் மணிக்கூட்டை அரை மணி பின்னே திருப்பவேண்டும், ஓமந்தை தாண்டியதும் திரும்ப முன்னே. அடையாள அட்டை, பொதி சோதனை எல்லாவற்றோடும் இதுவும் ஒன்று. திருப்பாமலே, மனதுக்குள் கழித்துக்கொண்டு போனவர்களும் உண்டாம்.

பிறகு 2006. இந்த வருசத்தைப் பற்றி எங்களுக்குள் நிறையக் கதைத்தோம். மார்ச் 14 அன்று அமேசன் தனது எஸ் 3 களஞ்சியத்தைத் திறந்தது. இன்றைய கிளவுட் வியாபாரத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுகிற நாள் அது. ஏப்ரல் 13 அன்று கூகிள் கலண்டர் பொதுமக்களுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு இரவு முடிந்து ஏப்ரல் 15 பிறக்கையில், இலங்கை திரும்பவும் ஐந்தரைக்குப் போனது. இரண்டு நேரமும் ஒன்றாகின. ஓகஸ்டில் அமேசன் வாடகைச் சேர்வர்களை வெள்ளோட்டம் விட்டது. அதே ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது.

இதற்குப் பிந்திய தொழில்நுட்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2014 இல் அமேசன் 'லம்டா' என்ற சேவையை அறிவித்தது. ஒரு சம்பவம் நடந்தால் மட்டும் நிரல் ஓடும், சேர்வரை முழு நாளும் வைத்திருக்கத் தேவையில்லை. அதன்பின் கலண்டருக்கும் கிளவுட்டுக்கும் முடிச்சுப் போடுவது இலகுவானது. கிழமைக்கு 168 மணித்தியாலம். சோதனைக்காக வைத்திருக்கிற சேர்வரை வேலை நாள் ஐந்திலும் பத்து மணித்தியாலம் மட்டும் ஓடவிட்டால் 50 தான் ஆகும். மிச்ச 118 மணித்தியாலக் காசும் மிச்சம். 2019 இறுதியில் அமேசனே 'சேஞ்ச் கலண்டர்' ஒன்றைக் கொண்டுவந்தது. ஐ கலண்டர் வடிவில் எழுதிய நாட்காட்டி அது, கேட்டால் 'திறந்திருக்கிறது' அல்லது 'மூடியிருக்கிறது' என்று பதில் சொல்லும். தானியங்கி வேலைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் சேர்வரில் கைவைக்கும். போயாவை அதில் அடைத்துவிடலாம், க்ரொனால் முடியாதது அது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய நேரவலயத் தரவுத்தளம். போல் எகெர்ட் நீண்டகாலம் பராமரித்து வருகிறார். லினக்ஸ் சேர்வர்களும் ஆண்ட்ராய்டு ஃபோன்களும் ஐஃபோன்களும் இதைத்தான் பார்க்கின்றன. கொழும்பின் வரிகளை வாசித்தோம். 1906க்கு முன் 'மொறட்டுவை சராசரி நேரம்' என்றொன்று இருந்திருக்கிறது. யுத்த காலத்தில் 1942 இலும் நேரம் முன்னே தள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே, 2006 ஏப்ரலில் எழுதிய குறிப்பு: புலிகளின் பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே வாழ்பவர்கள் இந்தியாவின் கல்கத்தா வலயத்தைப் பாவித்துக்கொள்ளலாம் என்ற கருத்தில். கணனி ஓடும்போது வாசிக்காத, மனிதருக்காக மட்டும் எழுதப்பட்ட வரி அது. வன்னிக்கென்று தனி வலயம் கொடுக்கப்படவில்லை. 1970க்குப் பிறகு இந்திய நேரத்தோடு ஒத்துப்போன இடத்துக்குத் தனிப் பெயர் தேவையில்லை என்பது அவர்களின் விதி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நியாயம்தான். வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு மாதிரி இருந்ததும் உண்மை.

இது வெறும் சுவாரசியமாக நின்றிருக்கும், நாங்கள் வாய்மொழிக் கதைகள் சேகரிக்காமல் இருந்திருந்தால். ஊரில் பெரியவர்கள் சொன்ன சம்பவங்களைத் திகதி, நேரத்தோடு கலண்டர் ஒன்றில் ஏற்றி வருகிறோம், சேர்வர் அதைப் பிரதியெடுத்து வரிசைப்படுத்துகிறது. பெரியம்மா 2003 இல் கிளிநொச்சியில் காலை 9 மணி என்று சொன்னதை 'கொழும்பு' வலயத்தில் போட்டிருந்தோம். 2003க்கு அந்த வலயம் ஆறு மணித்தியாலம். அதனால் கணனி அவ சொன்ன நேரத்தை உலக நேரத்தில் 3:00 என்று எழுதி வைத்திருந்தது. உண்மையில் அது 3:30. அதே நாள் வவுனியாவில் நடந்த இன்னொரு சம்பவத்துக்கு முன்னே வரிசையில் போய் நின்றது, நடந்ததோ பின்னே.

இப்போது 1996 மே தொடக்கம் 2006 ஏப்ரல் வரையான ஒவ்வொரு பதிவையும் திரும்பப் பார்க்கிறோம். வன்னிப் பதிவுகளுக்குக் கல்கத்தா வலயத்தைப் போடுகிறோம். யாழ்ப்பாணப் பதிவுகளில் சிக்கல் இருக்கிறது, வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தில் இருந்தது என்பதைச் சொன்னவரிடமே போய்க் கேட்கவேண்டும். இருபத்தெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.