வாகை சூடிய ஒரு பருவகாலம்



வாகை என்றதும் நமக்குப் போர்க்களமே நினைவுக்கு வருகிறது. ஆனால் தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைக்கு வகுத்த எல்லை அதனினும் விரிந்தது. அந்தணர், அரசர், அறிவர், தாபதர் என அவரவர் தத்தமக்குரிய செயலில் குற்றமின்றி மேம்பட்டு நிற்பதையும் அவர் வாகை என்றே கொண்டார். எதிர்நின்று பொருது வெல்லும் பொருநரையும் அவர் விட்டுவிடவில்லை. வகுப்பில் இப்பகுதியைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம், உதாரணத்திற்கு நான் மாணவருக்குக் காட்டுவது ஒரு கிரிக்கெட் அணியின் கதையை. 1995-96 பருவகாலத்து இலங்கை அணியே அது.

விளையாட்டு வரலாறாகுமா என்று சிலர் ஐயுறலாம். 1947இல் ஜாக்கி ரொபின்சன் என்ற கறுப்பினத்தவர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் என்ற தொழின்முறை பேஸ்போல் அணியில் களமிறங்கிய பருவகாலத்தை அமெரிக்கர் தம் சமூக வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே கருதுகின்றனர். டிரினிடாட் அறிஞர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய நூலொன்று, மேற்கிந்தியத் தீவுகளின் விடுதலை உணர்வைக் கிரிக்கெட் மைதானத்தினூடாகவே விளக்குகிறது. நம்மிடையேயும் அத்தகைய கதை உண்டு. எழுதுவோர்தாம் குறைவு.

இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது 1982 பெப்ரவரியில். ஆடிய இடம், இன்று பி. சரவணமுத்து என்ற தமிழரின் பெயரால் வழங்கும் கொழும்பு மைதானம். அடுத்த ஆண்டே அவுஸ்திரேலிய அணி கண்டிக்கு வந்து, திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில் ஆடியது. ஆயினும் வெளிநாட்டு மண்ணில் ஒரு டெஸ்ட் வெற்றியைப் பெற இலங்கை 1995 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் அது கிட்டியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பாகிஸ்தானுக்குச் சென்ற அணி, முதற் போட்டியில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. எனினும் அடுத்த இரண்டையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. ஒக்டோபரில் சார்ஜாக் கிண்ணமும் கைக்கு வந்தது. இந்த ஏறுமுகத்தோடுதான் அர்ஜுன ரணதுங்கவின் அணி அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது.

அங்கே காத்திருந்தது அவமானம். பந்தின் தன்மையை மாற்றியதாக முதலிற் குற்றஞ் சுமத்தப்பட்டது. பின்னர் அக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று கூறி ஏழு தடவை முறையற்ற பந்து என அறிவித்தார். பத்து நாட்களின் பின் பிரிஸ்பேன் நகரிலும் வேறொரு நடுவரால் இதுவே நிகழ்ந்தது. டெஸ்ட் தொடரில் மூன்று போட்டிகளிலும் இலங்கைக்குத் தோல்வி.

யார் இந்த முரளிதரன்? கண்டியிற் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றவர். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. அவர்களுள் எஞ்சியோரின் பிரச்சினைக்கு முடிவு காணும் சட்டம் 2003இலேதான் வந்தது. எனவே 1996இல் இலங்கையின் சின்னத்தை நெஞ்சில் அணிந்து இவர் பந்து வீசியபோது, இவரது மக்களுள் ஒரு பகுதியினருக்கு இந்நாட்டின் பிரஜை என்ற உரிமைகூட இருக்கவில்லை. 1977 வன்செயலில் தம் குடும்பம் பாதிக்கப்பட்டதை அவரே பின்னாளில் பகிரங்கமாகக் கூறியுள்ளார்.

தமிழர் இலங்கை அணியில் ஆடியது அதுவே முதன்முறையன்று. 1948இல் பிராட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கையின் தலைவராக நின்றவர் மகாதேவ சதாசிவம். ஆனால் போர் நடக்கும் நாட்டில், அந்நிய மைதானத்தில், ஆயிரமாயிரம் கண்களின் முன் ஒரு தமிழ் இளைஞன் குற்றவாளிபோல் நிறுத்தப்பட்டான். அவ்வேளை சிங்களவரான தலைவர் அவனைக் கைவிடவில்லை; தொடர்ந்தும் அணியில் வைத்துக் காத்தார். இந்தப் பருவகாலத்தின் மிகப்பெரிய வெற்றி இதுவே என்பது என் துணிபு.

1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுத்தாக்குதலுக்கு இலக்காயிற்று. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். இரண்டு வாரங்களில் உலகக்கிண்ணம் தொடங்கவிருந்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கைக்கு வர மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து, பெப்ரவரி 13ஆம் திகதி நட்புறவுப் போட்டியொன்றில் ஆடின. பகைமை பாராட்டிய இரு நாடுகள் அயல்வீட்டுத் துன்பத்தில் ஒன்றுபட்ட அக்காட்சி மறக்கற்பாலதன்று.

மார்ச் 6ஆம் திகதி, புதன்கிழமை. அஸ்கிரியவில் கென்யாவுக்கு எதிரான போட்டி. பள்ளி மாணவனாயிருந்த நான் கண்டி பஸ் நிலையத்தருகே தேநீர்க்கடையொன்றின் வானொலிமுன் நின்றேன். தமிழ் இளைஞன் ஒருவன் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையைக் காட்டி, எந்த ஊர், என்ன வேலை என்ற கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியிருந்த காலம் அது. கடையினுள்ளே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் நெருக்கியடித்து நின்றோம். எவரும் எவரையும் ஊர் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஓட்ட எண்ணிக்கையைத்தான்.

அந்த எண்ணிக்கை 5 விக்கெட் இழப்புக்கு 398. ஒருநாள் போட்டிகளில் அதுவரை இருந்த அதிகூடிய ஓட்டங்கள் 363. அரவிந்த டி சில்வா 145 ஓட்டங்களைக் குவித்தார். ரணதுங்க 40 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 75 ஓட்டங்கள். கென்யாவின் ஸ்டீவ் டிக்கோலோ 96 ஓட்டங்களோடு தளராது போராடினார். அவருக்கும் கரகோஷம் எழுந்தது. உலகச் சாதனையொன்று நம் மலைநாட்டு மண்ணில் எழுதப்பட்டு, பத்தாண்டுகள் நிலைத்தது.

பின்னர் பைசலாபாத்தில் இங்கிலாந்து வீழ்ந்தது. கல்கத்தாவில் நடந்த அரையிறுதி, இரசிகரின் குழப்பத்தால் இடைநிறுத்தப்பட்டு இலங்கைக்கு வழங்கப்பட்டது. மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இறுதிப்போட்டி; எதிரணி அதே அவுஸ்திரேலியா. அதுவரை நடந்த ஐந்து இறுதிப்போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. நாணயச்சுழற்சியில் வென்ற ரணதுங்கவோ களத்தடுப்பைத் தெரிந்தார். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களோடு நின்றது. மெல்பேர்ணில் அவமதிக்கப்பட்ட முரளிதரன் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே கொடுத்தார். அரவிந்த மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் பெற, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வாகை சூடியது.

இந்த வெற்றி நம் துயரைத் துடைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். நான்கு மாதங்களில் முல்லைத்தீவில் பெருஞ்சமர் மூண்டது. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. போர் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. லயக் காம்பராக்களில் வாழ்ந்தோருக்குக் கிண்ணம் ஒரு காணித்துண்டைத்தானும் தரவில்லை. விளையாட்டு அரசியலின் கடமையைச் செய்யாது. ஒருவனுடைய கைத்திறனை அவனது பிறப்பைக் கேளாமல் மதிக்கும் மனத்தை அது சில மணிநேரமாவது நமக்குப் பழக்குகிறது. அம்மனத்தை மைதானத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்பியது நம் குறை.

2007 டிசம்பரில் அதே அஸ்கிரிய மைதானத்தில் முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் சாதனையை முறியடித்தார். அம்மைதானத்தின் இறுதி டெஸ்ட் போட்டியும் அதுவே. 2010இல் காலியில் 800 விக்கெட்டுகளோடு விடைபெற்றார். இதற்கிடையே, பந்துவீச்சாளர் எல்லோருக்கும் முழங்கை 15 பாகைவரை நிமிரலாம் என்று சர்வதேச விதியே 2005இல் மாறியிருந்தது.

மன்னரின் வாகைக்குப் புலவர் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பேரனின் வாகையைப் பாட நம்மிடையே எவர் இருக்கிறார்? ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் பதிவேடுகள் காத்துக்கொள்ளும். தேநீர்க்கடையில் ஊர் கேளாமல் நின்ற அந்த மனிதரை எழுத்துத்தான் காக்கவேண்டும். அப்பணி நம்முடையது.