ராமகிருஷ்ணா தெருவின் வெள்ளிக்கிழமைகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ணா தெரு என்று ஒரு குறுகிய தெரு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமை மாலையானால் வித்வான்களும் ரசிகர்களும் அந்தத் தெருவில் ஒரு வீட்டைத் தேடி வருவார்கள். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. கூடத்தில் வீணை தனம்மாள் உட்கார்ந்திருப்பார். வாசிக்கத் தொடங்கினால் ஒருவரும் பேசக்கூடாது. சின்னச் சத்தம்கூட அவருக்கு ஆகாது. வாசித்தபடியே தாமும் பாடுவார். பெரிய பெரிய பாடகர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அதை நினைத்துப் பார்த்து சாதகம் செய்தார்கள்.

1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த அந்த அம்மாளின் இசை வாழ்க்கைக்கு நடுக்கூடம் அந்த வீடுதான். பிற்காலத்தில் கண்பார்வை போயிற்று, பணமுடையும் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கச்சேரியின் கட்டுப்பாட்டை மட்டும் அவர் தளர்த்தவில்லை.

நான் வீணை சொல்லிக்கொடுப்பவள். அந்த அமைதியை ஏன் அப்படிக் காத்தார் என்பது வீணையை மடியில் வைத்துப் பழகியவர்களுக்குப் புரியும். பலாமரக் குடம், தண்டியில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. ஒருமுறை மீட்டினால் நாதம் எழுந்து, உடனே தேயத் தொடங்கிவிடும். அது தேய்ந்து முடிவதற்குள் இடக்கை விரலால் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை அந்த ஒரே மீட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வலக்கை விரல்களில் மிஸ்ராப் என்ற கம்பி வளையத்தை மாட்டிக்கொண்டால் ஒலி கூடும். தனம்மாள் அதை வேண்டாமென்று வெறும் நகத்தாலேயே மீட்டினார். ஒலி சன்னமாகும், ஆனால் விரல் தந்தியைத் தொடுவதும் விடுவதும்கூட ராகத்தில் சேர்ந்துவிடும். அந்த நுட்பம் நாலடி தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் கூடம் அமைதியாகத்தான் இருக்க வேண்டும்.

1930-களில் கொலம்பியா கம்பெனி அவர் வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அடங்கும். கீறல் சத்தத்துக்கு நடுவே கேட்டாலும், ஒரு காந்தார ஸ்வரத்தை அவர் எவ்வளவு நிதானமாகத் தொட்டு இறங்குகிறார் என்பது தெரிகிறது. வேகமாக வாசிப்பதே திறமை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அந்தத் தட்டுகளைத்தான்.

அவருக்கு இந்தச் சங்கீதம் எங்கிருந்து வந்தது? பாட்டி காமாட்சி தஞ்சாவூர் மரபில் நாட்டியம் ஆடியவர். தாய் சுந்தரம்மாள் பாடகி. வாக்கேயக்காரர் சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடமிருந்து நேரே வந்த பாடம் அந்தக் குடும்பத்தில் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார். க்ஷேத்ரக்ஞரின் காதல் பாடல்களான பதங்களைக் கண் தெரியாத பால்தாஸ் நாயுடுவிடம் பாடம் செய்தார். அதே சுவையில் அமைந்த தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் பலவும் இந்த வீட்டின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. யாரிடம் எது சுத்தமாக இருக்கிறதோ அவரிடம் போய் அதைக் கேட்டுவாங்கிச் சேர்த்துவைத்த வாழ்க்கை அது.

அப்படிச் சேர்த்துவைத்த காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1890-களிலேயே சென்னையில் சதிர் என்ற தேவதாசிகளின் நாட்டியத்துக்கு எதிரான இயக்கம் வலுத்துவிட்டது. கோயிலையும் அரசவையையும் சார்ந்து ஆடிப்பாடிய, தனம்மாளும் பிறந்த குலத்துப் பெண்கள் அவமானத்துக்கு ஆளானார்கள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. தேவதாசி முறையில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகள் மெய். அவை ஒழிந்தது நல்லது. ஆனால் அதே வேகத்தில் அந்தப் பெண்களின் கல்வியையும் கழித்துக்கட்டப் பார்த்தது அநியாயம். சிருங்காரம் என்பதற்காகப் பதமும் ஜாவளியும் பாடக் கூசிய காலத்தில், அவற்றை ஒரு சங்கதிகூடச் சிதையாமல் காப்பாற்றியது ராமகிருஷ்ணா தெரு வீடு.

காப்பாற்றிய விதமும் கறாரானது. ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு மகள்கள். காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் வீட்டுப் பாடத்தோடு நிற்கவில்லை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் கற்றார்கள். ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி பாட்டியின் பதங்களுக்கு அபிநயம் பிடித்தார். 1963-இல் எடின்பரோ விழா வரைக்கும் அதைக் கொண்டுபோனார். அவர் தம்பிகள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழலும் மிருதங்கமும் கற்பித்தார்கள். சங்கீத கலாநிதி விருது 1973-இல் பாலம்மாவுக்கும் 1976-இல் பிருந்தம்மாவுக்கும் வந்தது. செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற மேதையே பிருந்தம்மாவிடம் பதம் பாடம் செய்தார் என்றால், அந்த வீட்டுச் சொத்தின் மதிப்பு விளங்கும்.

நம் சங்கீத வரலாற்றைச் சபாக்கள் தொடங்கிய ஆண்டுகளை வைத்து எழுதிப் பழகிவிட்டோம். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு பெண் தம் வீட்டுக் கூடத்தையே பாடசாலையாகவும் நூலகமாகவும் கச்சேரி மேடையாகவும் ஆக்கி வைத்திருந்தார். இன்று பதம் பாடுபவர்களில் பெரும்பாலோர் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆகவே என்னிடம் பதம் கற்க வரும் பிள்ளைகள் ராகம், தாளம் சொன்ன பிறகு பாடாந்தரத்தையும், அதாவது பாட்டு கைமாறி வந்த வழியையும், சொல்ல வேண்டும்: பால்தாஸ் நாயுடு, தனம்மாள், காமாட்சி, பிருந்தா, முக்தா. எந்தக் குலத்துப் பெண்கள் இதைக் காத்துக் கொடுத்தார்கள் என்பதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் என் வகுப்பில் பல்லவி தொடங்கும்.