‘சிஸ்டர்’ என்று அழைக்கிறோமே!

(வானொலி அருளுரை)



மே 12, உலகச் செவிலியர் நாள். அன்று பல மருத்துவமனைகளில் மெழுகுதிரி ஏற்றி உறுதிமொழி சொல்வார்கள். ரோஜாப்பூ கொடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் என்ன மாறுகிறது?

இதைக் கேட்க எனக்கே தகுதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சல் முற்றி ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வீடு திரும்பும் நாளில் டாக்டருக்குச் சால்வை போர்த்தி, பெயர் சொல்லி நன்றி கூறினேன். இரவெல்லாம் டிரிப்ஸ் மாற்றி, காய்ச்சல் பார்த்து, நான் வாந்தி எடுத்ததைத் துடைத்த செவிலியரிடம், “வரேன் சிஸ்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் பெயர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. ஆறு நாளும் நான் அதைப் படிக்கவில்லை.

‘சிஸ்டர்’ என்று ஏன் அழைக்கிறோம்? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நோயாளிகளைப் பராமரித்தவர்கள் துறவற சபைகளின் அருள்சகோதரிகள். அவர்களை அழைத்த பெயர், துறவிகள் அல்லாத செவிலியர் வந்த பிறகும் வார்டிலேயே தங்கிவிட்டது. நம் திருச்சபையின் வீட்டிலிருந்து போன சொல் அது.

அந்த வீட்டிலிருந்து போன ஒருவரின் வரலாற்றை இன்று சொல்கிறேன். மே 12, 1820-ல் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலை எல்லாருக்கும் தெரியும். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கிரிமியப் போரில் காயமுற்ற ஆங்கிலேயப் படைவீரர்களைக் கவனிக்க, 1854 அக்டோபரில் அவர் புறப்பட்டபோது உடன் சென்றவர்கள் 38 பேர். அவர்களில் பத்துப் பேர் கத்தோலிக்க அருள்சகோதரிகள். இது பாடப்புத்தகத்தில் இல்லை.

அந்தப் பத்தில் ஐவர் லண்டன் பெர்மண்ட்சியில் இருந்த இரக்கத்தின் சகோதரிகள். அவர்களின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், டப்ளினில் பிறந்தவர். அவருடைய சபை 1831-ல் டப்ளினில் தொடங்கியது. மறு ஆண்டே அந்நகரில் காலரா பரவியபோது அச்சகோதரிகள் நோயாளிகளின் படுக்கையருகே நின்றார்கள். ஆகவே, நோயாளிகளைப் பராமரிப்பது இவர்களுக்குப் புதிதல்ல. ஆயர் தாமஸ் கிராண்ட் அழைத்ததும் உடனே கிளம்பி, நைட்டிங்கேல் வந்து சேரும்வரை பாரீசில் காத்திருந்தார்கள்.

அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர்மீது சந்தேகம் மிகுதி. ‘இந்தக் கன்னியர்கள் மருந்து கொடுக்கப் போகிறார்களா, மதம் மாற்றப் போகிறார்களா?’ என்று பலர் கேட்டார்கள். சகோதரிகள் வாயால் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி அது. படைவீரர் குடியிருப்பையே மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அடியில் சாக்கடை, படுக்கைக்கு இடமில்லை, மாற்றுத் துணி இல்லை. குண்டடிபட்டு இறந்தவர்களைவிடக் காலரா, சீதபேதி, டைபஸ் காய்ச்சலில் இறந்தவர்களே அதிகம். அந்த இடத்தில் ஒன்றரை ஆண்டு உழைத்தார் அன்னை கிளேர். அவருடன் வந்த சகோதரி கொன்சாகாவை நைட்டிங்கேல் விளையாட்டாக ‘என் கர்தினால்’ என்றே அழைப்பார். கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் கத்தோலிக்கக் கன்னியருக்கு வைத்த செல்லப்பெயர்!

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பின்னால் அயர்லாந்திலிருந்து இன்னொரு குழுவோடு வந்த அன்னை பிரான்சிஸ் பிரிட்ஜ்மேனுக்கும் நைட்டிங்கேலுக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஆனாலும் அந்தக் குழுவின் சகோதரி வினிஃபிரட் காலராவிலும், சகோதரி எலிசபெத் டைபஸ் காய்ச்சலிலும் உயிர் கொடுத்தார்கள். இருவர் கல்லறையும் பாலக்ளாவாவின் குன்றில்.

1856 ஏப்ரலில் உடல்நலம் குன்றி அன்னை கிளேர் ஊர் திரும்பினார். அப்போது நைட்டிங்கேல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பொருள் இதுதான்: இந்தப் பணிக்குத் தலைமை தாங்க என்னைவிட நீங்களே மிகவும் தகுதியானவர், நிர்வாகத் திறமையிலும் அப்படி, கடவுள் விரும்பும் ஆன்மீகக் குணங்களில் அதைவிட அதிகமாகவும் அப்படி, உங்களுக்குமேல் என்னை வைத்தது என் துரதிர்ஷ்டமே தவிர, என் குற்றமல்ல.

எண்ணிப் பாருங்கள். ஒரு நாடே தன்னைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், தனக்குக் கீழே வேலை செய்தவரிடம் ‘நீங்கள் என்னைவிட மேலானவர்’ என்று மேலதிகாரி எழுதுகிறார். அந்த நட்பு 1874-ல் அன்னை கிளேர் இறக்கும்வரை நீடித்தது. உயிரோடிருந்த சகோதரிகளுக்கு அரசி விக்டோரியா ராயல் ரெட் கிராஸ் பதக்கம் வழங்கியதோ 1897-ல்தான். போர் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து! அரசின் பாராட்டு அவ்வளவு தாமதமாக வந்தது. உடன் உழைத்தவரின் பாராட்டு அந்த மாதமே வந்தது.

திருத்தூதர் பவுலும் இதைச் செய்திருக்கிறார். உரோமையர் திருமுகம் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கெங்கிரேயா திருச்சபையில் தொண்டாற்றிய பெயிபாவை ‘நம் சகோதரி’ என்று அறிமுகப்படுத்துகிறார். பிறகு இரண்டு காரியங்கள் கேட்கிறார். ஆண்டவர் பெயரால் அவரை ஏற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன தேவையோ அதைச் செய்து கொடுங்கள். ஏன்? அவர் பலருக்கும், பவுலுக்குமே, உதவியவர்.

பவுல் வெறும் பாராட்டோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைச் சொன்னார், செய்ததைச் சொன்னார், தேவையையும் கேட்டார். நாம் பெரும்பாலும் முதலாவதையே செய்வதில்லை. மூன்றாவதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றிய வழக்கில், 2016 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தரவேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. மருத்துவமனை நடத்துவோர் தம் சம்பளப் பட்டியலை அந்தப் பரிந்துரையின் அருகே வைத்துப் பார்க்கட்டும். சிலுவை மாட்டிய நம் கத்தோலிக்க நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ‘இது வேலையல்ல, சேவை’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது பாராட்டு ஆகாது. வேலையாளர் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்றவர் நம் ஆண்டவர்.

குடும்பங்களுக்கு ஒன்று. வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தால், முதல் நாளே செவிலியரின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்வதைக் குரல் உயர்த்தாமல் கேளுங்கள். டாக்டர்மேல் உள்ள கோபத்தை அவர்மேல் கொட்டாதீர்கள். வீடு திரும்பும்போது இன்னார் நன்றாகக் கவனித்தார் என்று நிர்வாகத்துக்கு நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.

நம் பங்குகளில் இரவுப்பணி முடித்து, கண் எரிச்சலோடு ஞாயிறு திருப்பலிக்கு வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். சிலர் பணியின் காரணமாக வரமுடியாமல் போகிறார்கள். ‘அந்தப் பொண்ணு கோவிலுக்கே வர்றதில்ல’ என்று பேசுமுன், அந்த ஞாயிறு காலை அவர் யாருடைய படுக்கையருகே நின்றார் என்று கேளுங்கள். நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் சொல்லும் நாளில், அவர் முன்வரிசையில் நிற்பார்.

செபிப்போம். நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரே, உமது கைகளாய் இருக்கும் செவிலியர்களை ஆசீர்வதியும். நாங்கள் வாயால் ‘சிஸ்டர்’ என்று அழைப்பவர்களை, மனத்தாலும் செயலாலும் எங்கள் சகோதரிகளாக நடத்த வரம் தாரும். ஆமென்.